கேட்டில் இருந்த தீப்பெட்டி டப்பா

எங்கள் அப்பாவுக்கு ஏர்போர்ட்டில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "அவுங்க போய் நின்னாத்தான் பிளேன்ல இருக்குறவங்க எறங்கவே முடியும்" என்பாள். கேட்டவர்கள் அவரைப் பெரிய அதிகாரி என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அப்பா படி தள்ளுகிறவர். பிளேன் வந்து நின்றதும், சக்கரம் வைத்த ஏணிப்படியை இரண்டு பேராகத் தள்ளிக்கொண்டு ஓடி, கதவோடு ஒட்ட நிறுத்தி, பிரேக்கை மிதித்து, மேலே ஏறி இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இறங்கிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அவர் அதை ஒரு நாளும் அவ்வளவுதான் என்று சொன்னதில்லை.

நாங்கள் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், தேக்கா மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் ஒற்றை அறையில் இருந்தோம். அப்பா, அம்மா, நான். மூன்றே பேர். விடிந்தால் கீழே மாவு மில் சத்தம். அதற்கு முன்னாலேயே அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஏர்போர்ட் அப்போது ஊருக்குள்ளேயே, ஆறு கடலில் சேருகிற இடத்தில் இருந்தது. இன்றைக்கு இருக்கிற ஏர்போர்ட்டை மனதில் வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். நடுவில் கண்ணாடிக் கோபுரம் வைத்த ஒரு வெள்ளைக் கட்டடம், முன்னால் புல், ஒரே ஒரு ஓடுபாதை. அந்த ஓடுபாதையும் போதாமல் ரோட்டையும் தாண்டி நீட்டிவிட்டார்கள். பிளேன் வருகிறது என்றால் ரோட்டை மறித்துவிடுவார்கள். பஸ், மாட்டு வண்டி, டிரைஷா, துரைமார் கார் எல்லாம் வரிசையாக நிற்கும். பிளேன் போன பிறகுதான் மனிதர்கள் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊரே அங்கேதான் இருக்கும். எங்களுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு இருந்தது. படம் பார்க்கக் காசு வேண்டும், பிளேன் பார்க்க வேண்டாம். மேல்மாடத்தில் இடம் பிடிக்க மத்தியானமே போய்விடுவோம். கச்சாங் பூத்தே விற்கிறவர் தலையில் தட்டோடு வருவார், காகிதச் சுருளில் கடலை கொடுப்பார். ஐஸ் உருண்டைக்குச் சிவப்புப் பாகு ஊற்றிக் கொடுப்பார்கள், அது முழங்கை வரை வழியும். சீனக் குடும்பங்கள், மலாய்க் குடும்பங்கள், நம் ஆட்கள் எல்லாரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். பிளேன் இறங்கினால் எல்லாரும் கைகாட்டுவார்கள், உள்ளே தெரிந்தவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நான் மட்டும் பிளேனைப் பார்க்க மாட்டேன். படியைத்தான் பார்ப்பேன்.

"எறங்குறவங்க எல்லாம் மேல நின்னு கைகாட்டுறவங்களத்தான் பாப்பாங்க பாப்பா" என்று அப்பா ஒரு முறை சொன்னார். "படியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவன யாரும் பாக்கமாட்டாங்க."

"நான் பாக்குறேன்ல" என்றேன்.

அவருக்கு அது பிடித்திருந்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார்.

அவர் வேலையில் இரண்டு சட்டங்கள் உண்டு. படியின் உச்சி வரை ஏறலாம், கதவுக்கு உள்ளே கால் வைக்கக்கூடாது. இது ஒன்று. பன்னிரண்டு வருஷம் அந்தக் கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றிருக்கிறார், உள்ளே போனதே இல்லை. இரண்டாவது, தீப்பெட்டி. கேட்டில் காவலுக்கு இருக்கும் ஜாகா உட்காரும் ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா இருக்கும். உள்ளே போகிற ஒவ்வொரு ஆளும் தன் தீப்பெட்டியை அதில் போட்டுவிட்டுப் போக வேண்டும். சாயந்திரம் திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். பெட்ரோல் இருக்கிற இடம் அல்லவா. ஜாகா ஒரு மலாய்க்காரர், எல்லாருடைய தீப்பெட்டியும் அவருக்கு அடையாளம் தெரியும். பீடி பிடிக்கிற அப்பா தன்னுடையதில் அம்மாவின் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்திருப்பார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை எடுத்து அம்மாவிடம் கொடுப்பார், அம்மா அதைக்கொண்டு சாமிக்கு விளக்கேற்றுவாள், சில நாள் "ஏத்துடி" என்று என்னிடம் நீட்டுவாள். இந்தச் சட்டத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. தெரியாமல் செய்தேன் என்று பின்னால் நான் ஒருபோதும் சொல்லிக்கொள்ள முடியாமல் போனது அதனால்தான்.

ஐம்பதுகளின் நடுவில், எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது, புது ஏர்போர்ட் வரப்போகிறது என்ற பேச்சு வந்தது. பாய லேபார் பக்கம் பெரிதாகக் கட்டுகிறார்கள், பெரிய பிளேன்கள் எல்லாம் இனிமேல் அங்கேதான் என்றார்கள். பழைய ஆட்களில் யார் யாரைக் கூட்டிப் போவது என்று ஒரு பட்டியல் தயாரானது. பெயரில் கறை இல்லாதவர்களுக்கு மட்டும்தான் இடம் என்று மேலே இருந்த துரை சொல்லிவிட்டார். அப்பாவின் பெயர் பட்டியலில் இருந்தது. அவருக்கு வேறு எந்த ஆசையும் கிடையாது. வீடு வாங்க வேண்டும், நகை வாங்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. பிளேன்கள் எங்கே போகிறதோ அங்கே தானும் போக வேண்டும். "அங்க படி இன்னும் ஒசரமாம்" என்பார், ஏதோ தன் பிள்ளைக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்த மாதிரி.

மூடுவதற்குச் சில மாதம் முன்னால், பொதுமக்கள் உள்ளே வந்து பார்க்க ஒரு நாள் ஏற்பாடு செய்தார்கள். பாண்டு வாத்தியம், சின்னப் பிளேன்கள் வரிசையாகப் பறந்து காட்டுவது, தீயணைப்பு ஆட்கள் ஒரு பழைய மரப்பெட்டியைக் கொளுத்தி நுரை அடித்து அணைத்துக் காட்டுவது, எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று பேர் உட்காரும் ஒரு குட்டிப் பிளேனில் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார்கள். அதற்குத்தான் அடிதடி. வேலைக்காரர்களின் குடும்பங்களுக்கென்று சில இடம் ஒதுக்கிச் சீட்டுக் குலுக்கினார்கள், மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். எங்களுக்கு விழுந்தது. அம்மாவுக்கும் எனக்கும். அப்பாவுக்கு அன்றைக்கு வேலை, அவர் வர முடியாது.

"பரவால்ல, நீங்க ரெண்டு பேரும் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்பு வலிக்கிறது.

எங்கள் அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அப்பா பழைய சைக்கிள் வாங்கி வந்தபோதே எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கி, கற்பூரம் சுற்றின பிறகுதான் தெருவில் இறக்கவிட்டாள். எதிர்வீட்டில் தையல் மெஷின் வாங்கினால் அதற்கும் போய்ச் சுற்றிவிட்டு வருவாள். அப்படிப்பட்டவள் ஆகாயத்தில் போகிற வண்டியில் சும்மா ஏறுவாளா? முதல் நாளே எவர்சில்வர் டிபன் கேரியரை எடுத்து, மேல் அடுக்கில் இட்லி, நடு அடுக்கில் குங்குமமும் நாலு எலுமிச்சம்பழமும், கீழ் அடுக்கில் கற்பூரம் என்று அடுக்கினாள். எல்லாவற்றையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சாமி மாடத்தில் மாற்றுக்கு இருந்த இன்னொரு தீப்பெட்டியை அவள் கேட்டபோது ஒரு நிமிஷம் யோசித்தேன்.

"அப்பா திட்டுவாங்கம்மா" என்றேன்.

"அது வேலைக்குப் போறவங்களுக்குச் சொன்னது. நாம சாமி காரியமா கொண்டு போறோம். சாமி கொளுத்துனா எதும் எரியாது."

இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? ஆனால் எனக்குப் பிளேனில் ஏற வேண்டும். கற்பூரம் சுற்றாமல் ஏறமாட்டேன் என்று அவள் அடம் பிடித்தால் என் பயணமும் போச்சு. தீப்பெட்டியைக் கொடுத்தேன்.

அன்றைக்குக் கூட்டமென்றால் கூட்டம், எள் போட்டால் எள் விழாது. கேட்டில் ஜாகா எங்களைப் பார்த்துச் சிரித்து வழிவிட்டார், டிபன் கேரியருக்குள் என்ன இருக்கிறது என்று அவர் ஏன் பார்க்கப்போகிறார். கயிறு கட்டின இடத்துக்கு இந்தப் பக்கம் பொதுமக்கள் வரிசை நீளமாக நின்றது. வேலைக்காரர் குடும்பம் என்பதால் எங்களை முதலில் விட்டார்கள். குட்டிப் பிளேன் எங்களுக்குப் பத்தடி தூரத்தில் நின்றது. அது முந்தைய சுற்றுப் போய்வந்திருந்தது, ஒரு ஆள் அதற்குப் பெட்ரோல் ஊற்றி முடித்துக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தூரத்தில் அப்பா பெரிய பிளேன் ஒன்றின் படியைப் பிடித்துக்கொண்டு நின்றார், பொதுமக்கள் அதில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

அம்மா சட்டென்று குனிந்து இரண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். ஓட்டுகிற துரைக்கு ஒன்றும் புரியவில்லை, ஏதோ நம் ஊர் மரியாதை என்று நினைத்துத் தொப்பியைத் தொட்டார். அம்மா டிபன் கேரியர் மூடியில் கற்பூரத்தை வைத்து என் பக்கம் நீட்டினாள்.

"ஏத்துடி."

பெட்ரோல் வாடை மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. குழாய்க்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். எனக்குத் தெரியும். அது தப்பு என்று நன்றாகத் தெரியும். அவ்வளவு தூரத்திலிருந்து அப்பா எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியும். ஆனாலும் தீக்குச்சியைக் கிழித்தேன்.

கற்பூரம் பற்றியதா என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. யாரோ ஒரு கத்துக் கத்தினார்கள். அடுத்த நிமிஷம் வெள்ளையாக ஒன்று வந்து முகத்தில் அடித்தது. தீயணைத்துக் காட்டுவதற்காகக் குழாயும் கையுமாகத் தயாராக நின்றவர்கள், ஓடி வந்து எங்கள்மேல் நுரையை அடித்துவிட்டார்கள். அம்மா, நான், டிபன் கேரியர், இட்லி, குட்டிப் பிளேன், துரையின் தொப்பி எல்லாம் ஒரே வெள்ளை. நுரைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது: "பட்டுச் சேலைடா பாவிகளா."

அப்போதுதான் அந்தக் கொடுமை நடந்தது. மேல்மாடத்தில் நின்ற ஜனங்கள் எல்லாம் கைதட்டினார்கள். தீயணைத்துக் காட்டும் வேடிக்கை இதுதான் என்று நினைத்துவிட்டார்கள். ஆயிரம் பேர் கைதட்டு. விசில் வேறு. நான் நுரையைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, அந்தப் பெரிய கூட்டத்தில் கைதட்டாத ஒரே ஆள் அப்பாதான். படியை விட்டுவிட்டு எங்களை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தார். ஆட்கள் ஏறி இறங்கும்போது படியை விட்டுவிட்டு அவர் வந்ததை என் வாழ்நாளில் அன்று ஒரு முறைதான் பார்த்தேன்.

வந்தவர் என்னைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார், எங்காவது சுட்டிருக்கிறதா என்று. பிறகு அம்மாவை. அதற்குள் மேலதிகாரி வந்துவிட்டார். தீப்பெட்டி யார் கொண்டு வந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அப்பா என் தோளை அழுத்தினார்.

"நான்தான் சார் கொண்டு வரச் சொன்னேன்" என்றார். "எங்க வழக்கம். அவங்களுக்குச் சட்டம் தெரியாது."

எனக்கு எல்லாச் சட்டமும் தெரியும். நான் பேசாமல் நின்றேன். பேசியிருக்க வேண்டும். அறுபது வருஷம் தாண்டியும் சொல்கிறேன், அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும்.

ஊர் சுற்றிக் காட்டுவதை அன்று நிறுத்திவிட்டார்கள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் எங்களைத் திட்டிக்கொண்டே கலைந்து போனார்கள். அடுத்த வாரம் பட்டியல் ஒட்டினார்கள். அப்பாவின் பெயர்மேல் ஒரு கோடு. வேலையை விட்டு எடுக்கவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். பழைய இடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பிளேன்கள் பாய லேபாருக்குப் போயின, அவரோடு படி தள்ளினவர்கள் போனார்கள், ஜாகாவும் போனார். அப்பா ஜாகாவின் ஸ்டூலில் உட்கார்ந்தார். தீப்பெட்டி டப்பா அங்கேயே கிடந்தது. அதில் போட யாரும் இல்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. அம்மாவையும் திட்டவில்லை. அதுதான் எங்களுக்குத் தண்டனை. பீடியை விட்டுவிட்டார், அது ஒன்றுதான் செய்தார். சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்த இடம் காலியானது. அம்மா சாயந்திர விளக்கைத் தானே ஏற்றிக்கொள்வாள். "ஏத்துடி" என்ற சொல் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பழைய ஏர்போர்ட் சும்மா கிடக்கவில்லை. காலி இடம் என்றால் நம் ஊரில் விடுவார்களா. பொருட்காட்சி வந்தது, ராட்டினம் வந்தது, சர்க்கஸ் கூடாரம் வந்தது, பாட்டுக் கச்சேரி, குஸ்தி, சீன நாடகம் எல்லாம் வந்தது. பிளேன் நின்ற இடத்தில் யானை நின்றது. ஒரு சக்கரம் கோணிப்போனதால் எடுத்துப் போகாமல் விட்ட ஏணிப்படி ஒன்று அங்கே இருந்தது. மேடை போட்டால் அதில் ஏற ஒரு படி வேண்டுமே. அப்பா அதைத் தள்ளிக்கொண்டு போய் மேடையோடு ஒட்டி நிறுத்துவார், பிரேக்கை மிதிப்பார், உச்சிவரை ஏறி இடைவெளி பார்ப்பார், இறங்கிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பாடகி ஏறுவாள், குஸ்திக்காரன் ஏறுவான், கோமாளி ஏறுவான்.

நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவருக்குச் சாப்பாடு கொண்டு போனேன். மேடையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

"எப்படிப்பா இருக்கு வேலை?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு லா" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே மேடையைப் பார்த்தார். "ஏறுறாங்க, எறங்குறாங்க. ஆனா எங்கயும் போகல."

நான் அன்று ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் பஸ்ஸில் அழுதேன். இவரை ஒரு முறையாவது பிளேனில் ஏற்றாமல் விடமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சம்பளம் வர ஆரம்பித்த முதல் மாதத்திலிருந்து அதற்கென்று எடுத்து வைத்தேன். சேலை வாங்குவதில்லை, படம் பார்ப்பதில்லை. கூட இருந்த பெண்கள் என்னைக் கஞ்சப் பிசினாறி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அறுபதுகளின் நடுவில் அது கைகூடியது. கடல் தாண்டிச் சொந்த ஊரில் இருந்த அப்பாவின் தங்கை, சாவதற்குள் அண்ணனைப் பார்க்க வேண்டும் என்று கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார். கப்பலில் போகலாம் என்றார் அப்பா. நான் இரண்டு டிக்கெட்டை அவர் கையில் வைத்தேன், எனக்கும் அவருக்கும். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா வரவில்லை. "என்னைய ஒரு தடவை குளிப்பாட்டுனது போதும்" என்றுவிட்டாள்.

யாராவது பிளேனில் போனால் தெருவே வழியனுப்ப வருவது அப்போதைய வழக்கம். ஒரு லாரி பிடித்து, மாலையோடு இருபது பேர் பாய லேபாருக்கு வந்தார்கள். அங்கேயும் மேல்மாடம் இருந்தது, அங்கேயும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அம்மா வெறுங்கையால் எங்கள் முகத்தைச் சுற்றி, தன் நெற்றியில் வைத்து நெட்டி முறித்தாள். கற்பூரம் இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. அவள் கை காலியாகச் சுற்றினதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

வெயிலில் நடந்து பிளேனுக்குப் போனோம். படி உண்மையிலேயே உயரம்தான். மற்றவர்கள் எல்லாரும் மாடத்தைத் திரும்பிப் பார்த்துக் கைகாட்டிக்கொண்டே ஏறினார்கள். அப்பா ஏறவில்லை. புதுச் சட்டையோடு குனிந்து, சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். பின்னால் வரிசை நின்றுவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் நம் ஆள்தான், இருபத்தைந்து வயது இருக்கும்.

"பிரேக் போட்டியாப்பா?" என்றார் அப்பா.

அவன் விழித்தான். பிறகு, "போட்டாச்சு மாமா. நீங்க பயப்படாம ஏறுங்க" என்றான்.

"பயம் இல்ல. நீ நல்லாத்தான் ஒட்டி வச்சிருக்க" என்று சொல்லி, அவன் தோளைத் தட்டிவிட்டு ஏறினார்.

உச்சிப்படியில் மறுபடியும் நின்றார். இடைவெளியைப் பார்த்தார். கதவுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் அவர் கால் அப்படியே நின்றுவிட்டது. உள்ளேயிருந்து பணிப்பெண் சிரித்துக்கொண்டு வாங்க என்கிறாள், இவர் அசையவில்லை. நான் முதுகில் மெல்லக் கை வைத்தேன். எலும்பு தட்டுப்பட்டது, அப்பா எப்போது இவ்வளவு மெலிந்தார் என்று நினைத்தேன். அவர் வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.

ஜன்னல் பக்கம் அவரை உட்காரவைத்து பெல்ட்டை மாட்டிவிட்டேன். வெளியே படியை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்பா அதையே பார்த்தார், படி கண்ணுக்கு மறைகிற வரைக்கும். பிறகு என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார்.

"பாப்பா, தீப்பெட்டி எதும் கொண்டாந்திருக்கியா?"

பத்து வருஷத்தில் அவர் அதைப் பற்றிப் பேசின முதல் பேச்சு அது. அவர் கண்ணைப் பார்த்தேன். ஓரத்தில் குறும்பு இருந்தது.

"இல்லப்பா" என்றேன். "கேட்டுல டப்பாவுல போட்டுட்டு வந்துட்டேன்."

"நல்லது" என்று தலையை ஆட்டினார். "திரும்பி வரப்ப மறக்காம எடுத்துக்க. அம்மா வெளக்கேத்தணும்ல."

பிளேன் ஓட ஆரம்பித்தது. நான் அழுததை அவர் பார்த்தார், பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். மெட்ராஸ் போய்ச் சேரும்வரை விடவில்லை.